கடல் சும்மாதான் இருக்கிறதா?

“எட்டு நாளா ஒண்டும் வரேல்ல அண்ணன். கடல் சும்மாதான் இருக்குது.”

திருகோணமலை, திருக்கடலூரில் ஒரு வீட்டு விறாந்தை. முற்றத்தில் நைலோன் வலை காய்ந்துகொண்டிருந்தது. பொடியனின் லப்டொப்பில் கறுத்த திரை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வரி வந்து விழுகிறது: ‘புதிதாக எதுவும் இல்லை.’ தகப்பன் கடற்றொழிலாளி, மகன் கணினி டிப்ளோமா படிக்கிறவன். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிடும் நிலநடுக்க ஓடையைப் படிக்க வேண்டும். சுமாத்திராவில் இருந்து அந்தமான் வரை கடலுக்கடியில் ஏதும் ஆடினால் தகப்பனின் கைத்தொலைபேசிக்குத் தகவல் தட்டிவிட வேண்டும். அவன் எழுதிய நிரலுக்கு அவ்வளவுதான் வேலை. நாற்பது வரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எனக்கு அந்த எட்டு நாள் இடித்தது. அவன் எடுத்திருந்தது 4.5 அளவுக்கு மேற்பட்ட நடுக்கங்களின் ஓடை. உலகம் முழுவதும் சேர்த்தால் வழக்கமாக ஒரு நாளிலேயே பத்துக்கு மேல் வரும். சுமாத்திராப் பக்கம் எட்டு நாள் அமைதி என்பது நடக்கவே நடக்காத காரியம் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நான் நம்பவில்லை.

ஓடை என்று நான் சொல்வது ஆங்கிலத்தில் ஃபீட் எனப்படுவதை. மீன் ஏலம் விடும் இடத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது என்று வையுங்கள். புதிதாக வந்தது மேலே, பழையது கீழே, நிரம்பினால் அடிவரி அழியும். அலங்காரம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு வரியிலும் என்ன, எப்போது, மேலும் அறிய எங்கே போவது என்பது மட்டும். மனிதர் பார்ப்பதற்காக எழுதப்பட்ட பலகை அல்ல அது. இன்னொரு கணினி வந்து படித்துப் போவதற்காக எழுதியது. படித்துப் போகிற அந்தக் கருவியைத்தான் பார்சர் என்கிறோம். அதை ஒவ்வொருவரும் புதிதாக எழுதத் தேவையில்லை. யாரோ எழுதிப் பொதுவில் வைத்ததை எடுத்துப் பாவிக்கலாம். நிரலகம் என்று பாடப்புத்தகம் சொல்லும். பொடியன்கள் லைப்ரரி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

எந்த லைப்ரரி? வேகத்தைப் பார்ப்பதா, அளவைப் பார்ப்பதா, எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று பார்ப்பதா? இந்தக் கேள்வியை நான் பல வருடம் தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் ஓடைகளின் குடும்பச் சண்டையைச் சொல்லியாக வேண்டும். ஆர்.எஸ்.எஸ். என்ற பெயரில் முதல் வடிவம் 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அதே ஆண்டு ஜூலையில் அடுத்தது. 2000 டிசம்பரில் ஒரு தரப்பு 1.0 என்று ஒன்றை வெளியிட்டது. 2002இல் மறுதரப்பு 2.0 என்றது. இரண்டாவது முதலாவதின் வளர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வெவ்வேறு கிளை. ஆர்.எஸ்.எஸ். என்ற மூன்றெழுத்துக்கே காலத்துக்கொரு விரிவு இருந்தது. சண்டையில் சலித்தவர்கள் தனியே போய் ஆட்டம் என்ற வடிவத்தை அமைத்து 2005 டிசம்பரில் இணையத் தர ஆவணமாக்கினார்கள். நிலநடுக்க ஓடை இந்த ஆட்டம் வடிவத்தில் கிடைக்கிறது. உலகப் பேரிடர்களை ஐ.நா.வும் ஐரோப்பிய ஆணையமும் சேர்ந்து அறிவிக்கும் ஜி.டி.ஏ.சி.எஸ். ஓடை ஆர்.எஸ்.எஸ். வடிவத்தில். இரண்டையும் பார்க்க விரும்புகிறவனுக்கு இரண்டு மொழியும் தெரிந்த லைப்ரரி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எக்ஸ்.எம்.எல். என்ற குறிமொழி. 1998 பெப்ரவரியில் அதை வகுத்தவர்கள் கண்டிப்பான வாத்தியார்கள். இலக்கணப் பிழை ஒன்று கண்டால் அந்த இடத்திலேயே நிறுத்து, மேலே போகாதே என்று விதித்துவிட்டார்கள். ‘துறைமுகம் & மீன்பிடி’ என்று தலைப்பில் அந்த & குறியை அப்படியே போட்டுவிட்டால் போதும், முழு ஆவணமும் செல்லாது. ஆனால் ஓடைகளை எழுதுபவர்கள் அவசரக்காரர்கள். இந்தப் பிழை நாள்தோறும் நடக்கும்.

இங்கே லைப்ரரிகள் இரண்டு குணமாகப் பிரிகின்றன. பைதன் நிரல்மொழியோடு கூடவே வரும் எக்ஸ்.எம்.எல். கருவி வாத்தியாரின் பிள்ளை. பிழை கண்டதும் கத்தும், நிரல் நின்றுவிடும். மறுபக்கம் மார்க் பில்கிரிம் 2002இல் எழுதத் தொடங்கிய ஃபீட்பார்சர். எப்படிக் கிறுக்கிக் கொடுத்தாலும் வாசித்தே தீருவேன் என்ற பிடிவாதம் அதற்கு. & குறி தனியாக நிற்கிறதா, பரவாயில்லை. திகதி கோணலா, ஊகித்துக்கொள்கிறேன். எழுத்துக் குறியாக்கம் பொய்யா, வேறொன்றால் முயல்கிறேன். வாசித்து முடித்த பின், ஆவணத்தில் பிழை இருந்திருந்தால் ‘போசோ’ என்று ஒரு கொடியை உயர்த்தி வைக்கும். அமெரிக்கப் பேச்சில் கோமாளி, மடையன் என்று பொருள். ஓடையை எழுதியவனைத் திட்டுகிறதாம். கொடியைத் திரும்பிப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் பாடு.

பொடியன் பாவித்தது இதைத்தான். பைதனில் ஓடை என்றால் பலரும் முதலில் கை வைப்பது இதில். நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதன் ஒரு குணத்தை அவன் கவனிக்கவில்லை. முகவரி பிழையாகட்டும், இணைப்பு அறுந்துபோகட்டும், ஃபீட்பார்சர் கத்தாது. ஒழுங்கான ஒரு விடையைத் திருப்பித் தரும். அதற்குள் பதிவுகளின் பட்டியல் இருக்கும். பட்டியல் வெறுமையாக இருக்கும்.

வெறும் பட்டியல் எத்தனை காரணத்தால் வரும் என்று அன்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். உண்மையிலேயே ஓடையில் ஒன்றும் இல்லை. ரவுட்டர் செத்துவிட்டது. விடுதி வைஃபையில் ஓடைக்குப் பதில் உள்நுழைவுப் பக்கம் வந்து அதைப் பார்சர் ஓடையாக வாசித்திருக்கிறது. நான்காவது கொஞ்சம் நுட்பமானது. மரியாதையுள்ள நிரல் ஒவ்வொரு முறையும் முழு ஓடையையும் இறக்காது. ‘கடைசியாக எனக்குத் தந்தது இன்ன பிரதி, அது மாறியதா?’ என்று கேட்கும். மாறவில்லை என்றால் சேர்வர் 304 என்ற எண்ணை மட்டும் திருப்பும், உடல் ஏதுமில்லாமல். அப்போதும் பட்டியல் வெறுமைதான். நான்கு காரணத்துக்கும் அந்தத் திரையில் ஒரே வரி: ‘புதிதாக எதுவும் இல்லை.’

சத்தமில்லாததை அமைதி என்று நம்புவது இந்தத் தீவுக்குப் புதுக் கதையல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது ராடாரிடமிருந்து முன்னறிவிப்பு வரவில்லை. இரத்மலானையில் போர் விமானங்கள் நிலத்தில் நின்றன. நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, அதே படை திருகோணமலைக்கு வந்தது. இங்கே ராடார் பார்த்துச் சொன்னது, ஹரிக்கேன் விமானங்கள் மேலே ஏறியிருந்தன. கப்பல்களை முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேற்றியிருந்தார்கள். கொழும்பில் அன்று காலை ஒன்றும் வராமல் இருந்ததை என்னவென்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்? வானம் சும்மா இருக்கிறது என்றுதான்.

சரி, பொடியனின் நிரலுக்கு வருவோம். போசோ கொடியை அச்சிடச் சொன்னேன். பூச்சியம், ஓடை சுத்தம். சேர்வரின் நிலை எண் 200, இணைப்பும் சரி. பதிவுகள் எத்தனை என்று எண்ணச் சொன்னேன். 14. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். எட்டு நாளும் ஓடை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. வந்தவையெல்லாம் வீட்டுக்குள் நுழையுமுன் எங்கோ விழுந்துபோயிருக்கின்றன.

விழுந்த இடம் ஒரு வரி. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பழைய நடுக்கத்துக்குத் தகவல் அனுப்பிப் பயனில்லை என்று ஒரு வடிகட்டி வைத்திருந்தான். நியாயமான யோசனை. ஆனால் வயதைக் கணக்கிட்ட விதம்தான் பிழை. ஃபீட்பார்சர் ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, ஒன்பது எண்களின் கோவையாகத் தரும். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று போகும். பொது நேரம் என்பது கையேட்டில் எழுதியிருக்கிறது. எண்களின் நெற்றியில் எழுதியில்லை. அவன் அதை எடுத்துப் பைதனின் ‘எம்.கே.டைம்’ என்ற கட்டளையிடம் கொடுத்துவிட்டான். அந்தக் கட்டளை, யார் எதைக் கொடுத்தாலும் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். நடுக்கம் பொது நேரம் 10.00 மணிக்கு. நிரல் அதைப் படிப்பது 10.10க்கு, திருகோணமலையில் அப்போது பிற்பகல் 3.40. ‘10.00’ என்பதை உள்ளூர்க் காலை 10.00 என்று கட்டளை வாசிக்கிறது. 3.40இல் 10.00ஐக் கழித்தால் ஐந்து மணி நாற்பது நிமிடம். பத்து நிமிடம் முன் நடந்தது ஐந்தரை மணித்தியாலம் கிழடாகிவிட்டது. மூன்று மணித்தியால வடிகட்டி அதைத் தூக்கி வீசுகிறது. எந்த நடுக்கமும், அது 9 அளவானாலும், அந்த வாசலைத் தாண்டியிருக்காது.

இதே நிரலைக் குளிர்காலத்தில் லண்டனில் ஓடவிட்டால் சொக்கத்தங்கமாக ஓடும். அங்கே அப்போது உள்ளூர் நேரமும் பொது நேரமும் ஒன்று. நியூயோர்க்கில் பிழை மறுபக்கம் சாயும். புதிய நடுக்கங்கள் எதிர்காலத்தில் நடக்கப்போவதாகத் தெரியும், அவற்றில் ஒன்றும் வீசப்படாது. கிழக்கே இருப்பவனுக்குத்தான் ஊமை வழு. இணையத்தில் பொறுக்கும் உதாரண நிரல்களை எழுதியவர்கள் எந்த ஊரில் இருந்து சோதித்தார்கள் என்பதை நாம் கேட்பதே இல்லை.

பழி லைப்ரரிக்கா பொடியனுக்கா என்றால், பாதிப் பாதி என்பேன். கோ மொழிக்கான கோஃபீட் லைப்ரரி நேரத்தை நேர வலயத்தோடு ஒட்டிய ஒரு பொருளாகத் தருகிறது. அதை இன்னொரு நேரத்திலிருந்து கழித்தால் விடை எந்த ஊரிலும் ஒன்றே. ஒன்பது எண் கோவை பைதனின் பழைய வழக்கம். கையேட்டைப் படித்தவனுக்குப் பாதுகாப்பு, படிக்காதவனுக்குப் பொறி.

நேரம் என்று தொடங்கினால் இந்த மாவட்டத்தில் இலகுவில் முடியாது. இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்துப் பொது நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்பாக நின்றது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. கொட்டியாரக் குடாவின் இக்கரையில் ஒரு மணி, அக்கரையில் சம்பூர்ப் பக்கம் வேறு மணி. 2004 டிசம்பர் 26, பொது நேரம் 00.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது திருகோணமலை நகரத்துச் சுவர்க் கடிகாரம் 6.58 காட்டியிருக்கும், சம்பூரில் 6.28. அந்த நாளின் பதிவுகளை இன்று ஒரு நிரலில் போட்டு ‘இலங்கை நேரம் என்றால் ஐந்தரை’ என்று கண்ணை மூடிக்கொண்டு கழித்தால் அரை மணித்தியாலம் காணாமற்போகும். நேர வலயங்களின் வரலாற்றைத் தாங்கிய தரவுத்தளத்திடம் ‘ஆசியா/கொழும்பு’ என்று கேட்டால் சரியான விடை வரும்.

ஆர்.எஸ்.எஸ். 2.0 ஓடையில் திகதி எழுதும் முறை 1982இல் மின்னஞ்சலுக்காக வகுத்தது. அதில் பெயர் சொல்லி ஏற்கப்பட்ட நேர வலயங்கள் கிரீன்விச்சும் அமெரிக்க வலயங்களும்தான். நம் பக்கத்து ஓடைகள் சில ‘ஐ.எஸ்.டி.’ என்று போடும். இந்திய நேரமா, இஸ்ரேல் நேரமா, அயர்லாந்து நேரமா? அறியாத பெயரைக் கண்டால் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு லைப்ரரியிடமும் ஒரு வரிச் சோதனையாகக் கொடுத்துப் பாருங்கள். பொது நேரம் என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டால், மீண்டும் அதே ஐந்தரை மணித்தியாலம்.

இன்னொரு சோதனையும் அன்று செய்தோம். பொடியன் ஏற்கெனவே அறிவித்த நடுக்கத்தை மறுபடி அறிவிக்காமலிருக்க, தலைப்பை நினைவில் வைத்து ஒப்பிட்டிருந்தான். தலைப்பில் அளவும் இடமும் இருக்கும். 2004இன் நடுக்கத்துக்கு ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடத்தில் விட்ட முதல் அறிக்கையில் அளவு 8.0. சுமார் ஒரு மணித்தியாலம் கழித்து 8.5. இன்று புத்தகங்களில் 9.1. தலைப்பை வைத்து எண்ணினால் மூன்று நடுக்கம். சரி, ஒன்றுக்கு ஒருமுறைதான் என்று அடையாள எண்ணை மட்டும் நினைவில் வைத்தால், 8.0 என்ற முதற் செய்தியோடு கதவு சாத்தப்படும். அளவு ஏறியது தெரியவே வராது. ஆட்டம் வடிவத்தை வகுத்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாளமும், குறிப்பிடத்தக்க மாற்றம் செய்தபோது புதுப்பிக்கும் ஒரு நேரமும் கட்டாயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ‘அதே நடுக்கம், புதிய செய்தி’ என்று புரியும். ஆர்.எஸ்.எஸ். 2.0இல் அடையாளம் விருப்பத்துக்குரியது. இல்லாமலும் ஓடை செல்லும். லைப்ரரி இரண்டு வடிவத்தின் அடையாளத்தையும் ஒரே பெயரில் தருவது வசதிதான், ஆனால் ஒன்றில் அது இல்லாமலே போகலாம் என்பதை அந்த வசதி மறைத்துவிடுகிறது.

இடத்தையும் கவனிக்க வேண்டும். நிலநடுக்க ஆட்டம் ஓடையில் அகலாங்கு முன், நெட்டாங்கு பின். அதே நிறுவனம் அதே நடுக்கத்தை ஜியோஜேசன் வடிவில் தரும்போது நெட்டாங்கு முன். மாற்றிப் படித்தால் திருகோணமலை, அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23, வடதுருவக் கடலில் சுவால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் போய் விழும். அங்கே சுனாமி எச்சரிக்கை வாங்க ஆளில்லை.

தமிழில் வரும் ஓடைகளுக்குத் தனிச் சங்கடம். ‘திருகோணமலை’ என்ற சொல் ஒருங்குறியில் பத்துக் குறிகள், யு.டி.எஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, மொத்தம் முப்பது. ஆனால் ‘கோ’வில் இருக்கும் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, முழு ஓகாரம் ஒரே குறியாக. மற்றது, ஏகாரத்தின் கொம்பும் பின்னால் ஒரு காலும் என்று இரண்டு குறியாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ ஒன்று முப்பது பைட்டு, மற்றது முப்பத்துமூன்று. தட்டச்சுச் செயலியைப் பொறுத்து எதுவும் வரலாம். உங்கள் நிரல் ‘திருகோணமலை’ என்று தேட, ஓடையில் மற்ற ‘திருகோணமலை’ இருந்தால், கிடைக்கவில்லை என்றே பதில் வரும். ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை பைதனில் இருக்கிறது. எந்த ஓடை லைப்ரரியும் அதை உங்களுக்காகச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொழும்புக்கும் இதே தொல்லைதான்: அதில் ‘கொ’ உடையும். மன்னாரில் உடைய எதுவும் இல்லை.

எச்சரிக்கைச் செய்திகளுக்கென்றே கேப் என்ற பொது வடிவம் 2004இல் வந்தது. சுனாமிக்குச் சில மாதம் முன். ஓர் எச்சரிக்கைக்குள் மொழிக்கு ஒரு தொகுதியாகச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று அடுக்கலாம். இலங்கையில் லேர்ன்ஏசியாவும் சர்வோதயமும் சுனாமிக்குப் பின் கரையோரக் கிராமங்களில் நடத்திய ஹஸ்இன்ஃபோ ஆய்வுத் திட்டத்தில் கேப் சோதிக்கப்பட்டது. இப்படி ஒரே பெயரில் பலமுறை வரும் உறுப்புகளை ஃபீட்பார்சரிடம் கொடுத்தால், தனக்குத் தெரியாத இனம் என்பதால் தட்டையாக்கிவிடும். பலவற்றில் ஒன்றுதான் மிஞ்சும். மூன்று மொழியில் வந்தது ஒரு மொழியாகிவிடும், எது மிஞ்சும் என்பது வரிசையைப் பொறுத்தது. இந்த இடத்தில் பொறுமைசாலி வேண்டாம். கண்டிப்பான எக்ஸ்.எம்.எல். பார்சரை எடுங்கள், பிழை என்றால் கத்தட்டும்.

யார் பராமரிக்கிறார்கள் என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பில்கிரிம் 2011இல் ஒரு நாள் தன் தளங்களையும் கணக்குகளையும் மூடிவிட்டு இணையத்தை விட்டுப் போனார். ஃபீட்பார்சர் சாகவில்லை, கர்ட் மெக்கீ அதைத் தொடர்ந்து கவனித்துவருகிறார். வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதினான்கு பதிவு படிக்கிறவனுக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல.

கடைசியில் லைப்ரரியை மாற்றவில்லை. ஓடையை இறக்கும் வேலையை மட்டும் அதனிடமிருந்து பறித்தோம். இருபது வினாடிக்குள் பதில் வராவிட்டால் கத்தும்படி தனியாக இறக்கி, வந்த பைட்டுகளை அப்படியே பார்சரிடம் கொடுத்தோம். எழுத்தாக மாற்றிக் கொடுத்தால் குறியாக்கத்தை அது சரிபார்க்க முடியாது. நேரத்துக்கு ‘எம்.கே.டைம்’ போய் ‘டைம்ஜி.எம்.’ வந்தது. ‘புதிதாக எதுவும் இல்லை’ என்ற வரியை அழித்தோம். அதற்குப் பதில் ஒவ்வொரு முறையும் நான்கு எண்: சேர்வரின் நிலை, படித்த பதிவுகள், ஆகக் கடைசிப் பதிவின் வயது, நம் பக்கத்தில் உள்ளவை. இதெல்லாம் அரச எச்சரிக்கைக்கு மாற்றல்ல என்பதையும் அவனிடம் சொன்னேன். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கமும்தான் முதல்.

பொழுது பட்டபோது தகப்பன் வலையை மடித்து வைத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தார். 200, 14, 22 நிமிடம், 0.

“இருவத்திரண்டு நிமிசம் எண்டா?”

“டொங்காவில ஒண்டு ஆடியிருக்குது அப்பா. நாலு தசம் ஒம்பது.”

“அது எங்க கிடக்குது?”

பொடியன் வரைபடத்தைத் திறந்தான். பசிபிக்கின் நடுவில் சின்னச் சின்னப் புள்ளிகள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்த எண் எவ்வளவு நேரம் மாறாமலிருந்தால் தான் பயப்பட வேண்டும் என்று கேட்டார். ஆறு மணித்தியாலம் என்று பொடியன் சொன்னான். நான் பன்னிரண்டு என்றேன். அதைத் தீர்க்காமலே நான் கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட வேண்டியதாயிற்று.